லென் படுக்கும் பக்கம்

தென் ஆஸ்திரேலிய வரலாற்றில் ஒரு மாபெரும் தருணம் நெருங்கிவிட்டது. வெரிங்கா தந்தி நிலைய அருங்காட்சியகத்தின் மூன்றாம் இழுப்பறையில் துயில்கொள்ளும் பதினான்கு மின்கலங்களின் எதிர்காலம், வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தீர்மானிக்கப்படும். பொதுமக்கள் அமைதி காக்கவும். கேக் கொண்டுவருபவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுக்கவும்.

இந்த அறிவிப்பு ரொட்டிக் கடைக் கண்ணாடியிலும், மதுக்கடைக் கதவிலும், நீச்சல் குளத்து வேலியிலும் ஒட்டப்பட்டது. அமைதி காக்கச் சொன்னது சற்று அதிகப்படி. அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் வாழும் வெரிங்காவில், பிப்ரவரி மாதத்து நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில், அமைதியைத் தவிர வேறு எதையும் யாராலும் காக்க முடியாது.

எழுதியவர் அருங்காட்சியகக் குழுவின் தலைவர் டெஸ்மண்ட் கார்பெட். எழுபத்தொரு வயது. ஒருகாலத்தில் வட்டாரக் கவுன்சிலின் துணைத் தலைவராகப் பதினெட்டு மாதம் இருந்தார். அந்தப் பதினெட்டு மாதம் அவருக்கு இன்னும் முடியவில்லை. அச்சடித்து ஒட்டியவன் நான், குழுவின் செயலாளர். பத்திரிகைக் கடை வைத்திருக்கிறேன். தேர்தல் நடந்த அன்று பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தேன். எங்கள் ஊரில் கூட்டத்துக்கு வராதவரைத்தான் செயலாளர் ஆக்குவார்கள்.

விஷயம் இதுதான். இரண்டு வருடத்துக்கு முன்பு இரினி ஸ்டாவ்ரு என்ற அருங்காட்சியகத் துறை அதிகாரி அடிலெய்டிலிருந்து வந்து எங்கள் இழுப்பறையைத் திறந்தார். பையிலிருந்து முகமூடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். நூறு வருடத்துக்கு முந்தைய தந்தி பேட்டரிகள்; ஒவ்வொன்றும் ஜாடி உயரத்தில் ஒரு துத்தநாகக் குவளை, அதைச் சுற்றி அட்டை உறை, தலையில் பித்தளைத் திருகு. குவளைகள் அரித்துப்போய் உள்ளிருந்து வெள்ளை உப்பு பூத்து வழிந்திருந்தது. பித்தளையெல்லாம் பச்சைக் களிம்பு. அட்டைகள் உப்பிப் பிளந்திருந்தன. ஒரு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. இரண்டு வருடம் அவகாசம். அதற்குள் அரிப்பு நிற்காவிட்டால் பேட்டரிகள் அடிலெய்டுக் கிடங்குக்குப் போய்விடும்.

டெஸ்மண்ட் அன்று இரவே ஒரு கண்டன உரை தயாரித்தார். நோலா பிரிஸ்க் மறுநாள் காலை ஒரு பிரஷ் எடுத்துக்கொண்டு வந்தாள்.

நோலா முப்பத்தொரு வருடம் இந்த ஊரில் முடிதிருத்தும் நிலையம் நடத்தியவள். முழங்கால் ஒத்துழைக்காததால் மூடிவிட்டாள். வீட்டில் தாங்களே தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு, பச்சை முடியும் சிவந்த கண்ணுமாகப் பின்வாசல் வழியே வந்து நின்றவர்களையெல்லாம் மனிதர்களாக்கி அனுப்பியவள். அடிலெய்டில் நான்கு நாள் பயிற்சிக்குப் போய்வந்தாள். பிறகு கையுறை, முகமூடி, சாயம் பூசும் பிரஷ், காது குடையும் பஞ்சுக் குச்சி, மூங்கில் குச்சி, துடைக்கும் ஸ்பிரிட்டின் வாசம். வாரத்துக்கு மூன்று நாள். உப்பை ஈரம் படாமல் தட்டி எடுப்பாள். களிம்பைக் குச்சியால் சுரண்டுவாள். கிழிந்த அட்டையை மெல்லிய பசையால் ஒட்டுவாள். எல்லாவற்றையும் தன் பழைய கடையின் முன்பதிவுப் புத்தகத்திலேயே எழுதினாள். "செவ்வாய், பத்து மணி, ஐந்தாம் நம்பர், மேல்பக்கம் மட்டும்." "வியாழன், பதினொன்றரை, எட்டாம் நம்பர், வரவில்லை (எனக்கு முழங்கால் வலி)."

ஒருநாள் நான் கேட்டேன், "இது எங்க இருந்தா என்ன நோலா? அங்கேயும் பெட்டிதான், இங்கேயும் பெட்டிதான்."

"அங்க அதுக்கு ஒரு நம்பர் ஒட்டி மேல அடுக்குல ஏத்திருவாங்க. யாரும் தொட மாட்டாங்க."

"நீதானே யாரும் தொடக் கூடாதுங்கிறே?"

"நான் தொடலாம்," என்றாள். பிரஷ்ஷை உதறிவிட்டு, "கடையை மூடினப்புறம் காலைல எந்திரிச்சா எங்க போறதுன்னே தெரியல மெர்வ். இப்பத் தெரியுது. இதுங்களைத் தூக்கிட்டுப் போயிட்டா மறுபடி லென் மூஞ்சியத்தான் பாத்துட்டு உக்காரணும்."

லென் அவள் கணவன். நல்ல மனிதன்தான்; ஆனால் மூன்று நாளைக்குத் தொடர்ந்து பார்க்கும்படியான முகம் இல்லை.

இப்படியாகப் பதினான்கும் தேறிவந்த நேரத்தில், திங்கட்கிழமைக் குழுக் கூட்டத்தில் டெஸ்மண்ட் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"நண்பர்களே, அதிகாரி வரும்போது நமது மின்கலங்கள் ஜொலிக்க வேண்டும். ஆகவே வியாழக்கிழமை இங்கே சிரமதானத்துக்கு ஏற்பாடு செய்திருக்கிறேன். ஆண்கள் கொட்டகை முழு பலத்துடன் வருகிறது."

நோலாவின் கையிலிருந்த ஸ்கோன் ரொட்டி தட்டிலேயே விழுந்தது.

ஆண்கள் கொட்டகை என்பது ஓய்வுபெற்ற இருபது பேர் வேலை செய்து மகிழும் பட்டறை. நல்லவர்கள். நல்லவர்கள் என்பதுதான் தொல்லையே. ஊர்க் கைப்பம்பைக் கொடுத்தோம். தீயணைப்பு வண்டிச் சிவப்பில் இரண்டு பூச்சு அடித்துத் திருப்பித் தந்தார்கள். பழைய குதிரைச் சேணத்துக்கு வார்னிஷ் போட்டார்கள். இப்போது அதில் குதிரை ஏறினாலும் வழுக்கி விழும். தந்திக்காரர்கள் நாற்பது வருடம் மை சிந்தி, பெயர் செதுக்கி வைத்திருந்த மேசையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மையும் பெயரும் இல்லாமல், நேற்றுக் கடையில் வாங்கியதுபோல் கொண்டுவந்து வைத்துவிட்டு, கண் கலங்க நின்றார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாது. அருங்காட்சியகத்துக்குக் கூரை போட்டவர்களே அவர்கள்தான். எங்கள் ஊரில் கார் கேட்டு வந்தவனுக்கு இல்லை என்றால் மன்னிப்பான். உதவி செய்ய வந்தவனை வேண்டாம் என்றால் மூன்று தலைமுறைக்குப் பேசமாட்டான்.

கூட்டம் முடிந்ததும் நோலா என் கடைக்கு வந்தாள்.

"கம்பி பிரஷ்ஷோட வருவானுங்க மெர்வ். சமையல் சோடாவைக் கரைச்சு ஊத்துவானுங்க. அட்டையெல்லாம் கஞ்சியாப் போயிரும். ரெண்டு வருஷம்!"

"டெஸ்மண்ட்கிட்ட சொல்லிப் பாரேன்."

"சொன்னேன். 'பளபளப்பில்லாத வரலாறு வரலாறே அல்ல'ங்கிறாரு. அந்த மண்டையில பளபளப்பு இருக்கே, அதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். முப்பது வருஷம் முடி வெட்டிருக்கேன்."

"அப்ப என்ன பண்ணப் போறே?"

"தேய்க்கிறதுக்குத்தானே வர்றாங்க? தேய்க்க ஏதாவது குடுப்போம்."

செவ்வாயும் புதனும் என் வண்டியில் பண்ணை பண்ணையாகப் போனோம். ஆட்டுப் பண்ணைக்காரர்கள் மின்வேலிக்குப் போடும் பேட்டரிகளைச் செத்தபின் தூக்கிப் போடுவதில்லை. என்றைக்காவது உயிர் வரும் என்று கொட்டகைக்குப் பின்னால் குவித்து வைப்பார்கள். அதில் உப்புப் பூத்து, துருப்பிடித்து, பார்க்கவே அருவருப்பாக இருந்த பதினான்கைப் பொறுக்கினோம். மேலே ஒட்டியிருந்த கடைக் காகிதத்தைக் கிழித்துப் போட்டோம். நிஜமானவை பூட்டிய பின்னறைக்குள் மூன்றாம் இழுப்பறையில் இருந்தன. போலிகளைக் கூடத்தில் நீள மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து அடுக்கினோம். பார்ப்பதற்குப் பிணவறைபோல் கண்ணியமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை புளூயி ட்ரெசைஸ் தலைமையில் பதினேழு பேர் வந்திறங்கினார்கள். செம்பட்டைத் தலையனை நீலம் என்று கூப்பிடுவது எங்கள் நாட்டுக் கேலி; தலைமுடி செம்பட்டையாக இருந்த காலத்தில் அவருக்குப் புளூயி என்று பெயர் வைத்தார்கள்; முடி போயிற்று, பெயர் இருக்கிறது. வாசலில் ஒருவர் இறைச்சி சாசேஜ்களைச் சுட ஆரம்பித்தார். புளூயி மேசையருகே வந்து ஒரு பேட்டரியைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"இதுதானா நோலா அந்தப் பெரிய பேட்டரி?"

"அதேதான்."

"நூறு வருஷமா?"

"மேலேயே இருக்கும்."

"பாவம்," என்றார் புளூயி. "டேய் ட்ரெவ், அந்தச் சாணைச் சக்கரத்தை எடு."

அவ்வளவுதான். சாணை சுழன்றது, தூள் பறந்தது, பாட்டு எழுந்தது. டெஸ்மண்ட் நடுவில் நின்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு "அற்புதம், அற்புதம்" என்றார். ஒரு வேலையும் செய்யாமலே அவர் நெற்றியில் வேர்வை.

நானும் நோலாவும் ஓரமாய் நின்று தேநீர் குடித்தோம். திட்டம் தேன்போல் இறங்கியது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது நோலா மூக்கை உயர்த்தினாள்.

"என்ன வாசனை அது?"

மூன்று வாளி வினிகர். பதினேழு பேரும் பேட்டரியைப் போட்டு ஊறவைத்துக்கொண்டிருந்தார்கள். வெயிலுக்கு அது ஆவியாகி, கூடம் முழுக்க ஊறுகாய்க் கடைபோல் நெடியடித்தது.

"போச்சு," என்றாள் நோலா. "மெர்வ், அந்த ஆவி துத்தநாகத்தைத் தின்னும். கதவிடுக்கு வழியா உள்ள போகுது. ராத்திரிக்குள்ள மறுபடி உப்புப் பூத்துரும். நாளைக்கு அவங்க வந்து பாத்தா, ரெண்டு வருஷமா நான் ஒண்ணுமே பண்ணலேன்னுதான் நெனைப்பாங்க."

"ஜன்னலைத் திறக்கலாமா?"

"திறந்தா வெயிலும் புழுதியும். இழுப்பறையைப் பிடி. எங்க வீட்டுக்கு."

அவள் வீடு எதிர்ப்புறம். பின்வாசல் வழியாக, ஒரு கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் இருவரும் இழுப்பறையைத் தூக்கிக்கொண்டு, தார் உருகும் தெருவைக் கடந்தோம். அந்த வீட்டில் குளிர்சாதனம் இருப்பது படுக்கையறையில் மட்டும். அங்கே லென் மதியத் தூக்கத்தில் இருந்தான்.

"லென், எந்திரி."

"ஏன்?"

"பேட்டரிக்கு இடம் வேணும்."

"எவ்வளவு நேரம்?"

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும்."

லென் எழுந்து, தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனான். நாற்பது வருடத் திருமணம் என்பது அதுதான்.

மெத்தைமேல் பலகை போட்டு, இழுப்பறையை வைத்து, குளிரை இருபத்திரண்டில் நிறுத்திவிட்டு, நோலா என் பக்கம் திரும்பினாள்.

"படிவம்."

"என்ன படிவம்?"

"சேகரிப்புப் பொருள் கட்டடத்தை விட்டு வெளிய போனா படிவம் எழுதணும். எழுதாமப் போனா அது திருட்டு. நீதானே செயலாளர்?"

அப்படியொரு படிவம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மூன்று பிரதி எழுதினோம். பொருள்: பேட்டரி, பதினான்கு. காரணம்: வினிகர். தற்காலிக இருப்பிடம் என்ற இடத்தில் நோலா கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினாள்: "பிரிஸ்க் வீடு, படுக்கை, லென் படுக்கும் பக்கம்." நான் கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இரினி ஸ்டாவ்ரு வந்தார். ஐம்பது வயது, தூசி படிந்த செருப்பு, கழுத்தில் பூதக்கண்ணாடி. ஆண்கள் கொட்டகை சுவரோரம் வரிசையாக நின்றது. நடுவில் நீல வெல்வெட் துணியின்மேல் பதினான்கு பேட்டரிகள். வெள்ளிபோல் மின்னின. வார்னிஷ் இன்னும் முழுக்கக் காயவில்லை. ஒன்றில் ஒரு ஈ ஒட்டிக்கொண்டிருந்தது.

டெஸ்மண்ட் பேசத் தொடங்கினார்.

"அம்மையீர்! இந்தப் பாலைவெளியின் தனிமையில் போர் மூண்ட செய்தியைக் கண்டத்தின் குறுக்கே ஏந்திச் சென்றவை இவைதாம். இவற்றை நான் சிறுவயது முதல் அறிவேன். இவற்றின் ஒவ்வொரு வளைவும் எனக்கு என் உள்ளங்கைபோல் பரிச்சயம். கண்ணை மூடிக்கொண்டே எது எது என்று சொல்வேன்!"

இரினி ஒன்றைத் தூக்கினார். விரலில் ஒட்டியது. கவிழ்த்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

"எந்தப் போர்?"

"முதல் உலகப் போர், அம்மையீர்."

"இதுல ஹாங்காங்ல செஞ்சதுன்னு போட்டிருக்கு. எண்பத்தி மூணாம் வருஷம் டிசம்பருக்குள்ள உபயோகிக்கணுமாம்."

டெஸ்மண்ட் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார். ஒட்டியிருந்த ஈயையும் பார்த்தார். உள்ளங்கையைப் பார்த்தார், அங்கே வார்னிஷ் இருந்தது.

"சதி!" என்றார். "யாரோ மாற்றிவிட்டார்கள்!"

இரினியின் குரல் இறங்கியது. "சேகரிப்புல இருந்த பதினாலு பேட்டரி எங்க?"

நோலா முன்னால் வந்தாள். நாக்கு அவளுக்கு எப்போதும் ஒத்துழைக்கும். அன்று முழங்கால்போல் ஆகிவிட்டது.

"எங்க வீட்டுல இருக்குங்க."

"வீட்டுலயா? மியூசியம் பொருள் வீட்டுலயா?"

இரினி பேனாவை எடுத்தார். அவர் எழுதப்போகும் வரி எல்லோருக்கும் தெரிந்தது. கிடங்கு, நம்பர், மேலடுக்கு. நான் அவசரமாகப் பையிலிருந்து படிவத்தை எடுத்து நீட்டினேன். ஒரு பிரதி போதாதென்று மூன்றையும் நீட்டினேன்.

இரினி படித்தார். மறுபடி படித்தார்.

"காரணம், வினிகர்?"

"இவங்க இங்க ஊறப்போட்டாங்க," என்றாள் நோலா. "ஆவி பட்டா துத்தநாகம் போயிருமேன்னு..."

"லென் யாரு?"

"வீட்டுக்காரர்."

"அவர் எங்க படுத்தாரு?"

"வீட்டுக் கூடத்துல. அவருக்குச் சூடு பட்டா ஒண்ணும் ஆகாதுங்க."

இரினி பேனாவை மூடினார். சிரித்தாரா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கிரேக்க வம்சத்து அதிகாரி, உதட்டை நன்றாக அடக்கத் தெரிந்தவர். "காட்டுங்க," என்றார்.

எல்லோரும் தெருவைக் கடந்தோம். லென் அரைக்கால் சட்டையோடு கதவைத் திறந்தான், இருபது பேரைப் பார்த்துவிட்டு, "டீ போடட்டுமா?" என்றான். படுக்கையறைக்குள் இரினி, நோலா, நான் மட்டும். மற்றவர்கள் ஜன்னலில்.

இரினி நாற்பது நிமிடம் பார்த்தார். ஒவ்வொன்றாக, கையுறையோடு. முன்பதிவுப் புத்தகத்தைப் புரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டார். ஒன்பதாம் நம்பரில் நின்றார்.

"இதுல மட்டும் பாதி உப்பை அப்படியே விட்டிருக்கீங்களே?"

"அட்டையை அந்த உப்புதாங்க புடிச்சிட்டிருக்கு. எடுத்தா பேர் எழுதின இடம் உதிர்ந்துரும். நல்லா காய வெச்சு, ஈரம் இழுக்கிற பொட்டலம் பக்கத்துல போட்டு, மூணு மாசமா அளந்துட்டு வர்றேன். வளரலை. அதுக்கு மேல கை வெச்சா மொட்டைதான்."

"பயிற்சில இதைச் சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்லீங்க. இது என் கடையில, மிஸஸ் ஹேக்கட் தலையில கத்துக்கிட்டது. எழுபத்தொம்பதுல."

இரினி கையுறையைக் கழற்றினார். "நான் இந்த வட்டாரத்துல பதினோரு மியூசியம் பாக்கறேன். இந்தப் படிவத்தை ஒருத்தர் நிரப்பி இன்னிக்குத்தான் பாக்கறேன். பேட்டரி இந்த ஊர்லயே இருக்கட்டும். இவங்க பொறுப்புல." பிறகு ஜன்னலைப் பார்த்து, "அவங்க மட்டும் பக்கத்துல வரக் கூடாது."

ஜன்னலில் கைதட்டல். நோலா படுக்கையில் உட்கார்ந்துவிட்டாள், தன் பக்கத்தில். மூக்கை உறிஞ்சியபடி ஒன்பதாம் நம்பரின் தட்டை அரை அங்குலம் நகர்த்திவைத்தாள். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

வெளியே டெஸ்மண்ட் புளூயியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களையும் ஏமாற்றிவிட்டார்கள் புளூயி! ஒரு நாள் முழுக்க உழைத்தீர்களே!"

"யாரு ஏமாத்தினது?" என்றார் புளூயி. "கையில எடுத்தவுடனே தெரியும். என் வேலில போட்ட பேட்டரிய்யா அது. மூணாவது என்னோடது, நசுங்கின இடம்கூட அப்படியே இருக்கு."

நோலா ஜன்னலுக்கு வந்தாள். "தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே?"

"எதுக்கு? நிஜத்தைத் தொட நீ விடமாட்டேன்னு எங்களுக்குத் தெரியாதா? நாங்க தேய்ச்ச அந்த மேசைக்கு நீ அழுததைப் பாத்தோமே." புளூயி தலையைச் சொறிந்தார். "எங்களுக்குத் தேய்க்க எதாச்சும் வேணும் நோலா. எதுவானா என்ன? ஆனா வினிகர் விஷயம் தெரியாது. அதுக்கு மன்னிச்சுக்க."

"அப்ப எல்லாருக்கும் தெரியுமா?" என்றார் டெஸ்மண்ட்.

பதினேழு பேரும் தரையைப் பார்த்தார்கள். ட்ரெவ் மட்டும், "பேச்சு நல்லா இருந்துச்சு டெஸ்," என்றான்.

டெஸ்மண்ட் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, இவ்வெற்றிக்குத் தலைமை தாங்கியவர் என்ற முறையில் நான்கு வார்த்தை சொல்ல விரும்புவதாகச் சொன்னார். லென் கேக்கை வெட்டிவிட்டதால் யாருக்கும் கேட்கவில்லை.

அடுத்த வாரமே பேட்டரிகளுக்குப் புது அலமாரி வந்தது; கண்ணாடிக் கதவு, ஈரம் காட்டும் மானி, பூட்டு. சாவி நோலாவிடம். அவள் வாரத்துக்கு மூன்று நாள் போகிறாள், பத்து மணிக்கு.

அலமாரியைக் காட்சிக்குத் திறந்து பதினோரு வாரம் ஆகிறது. அந்தப் பேட்டரிகளைப் பார்க்க இதுவரை மூன்று பேர் வந்திருக்கிறார்கள். இருவர் கழிவறை எங்கே என்று கேட்க வந்தவர்கள், மூன்றாமவர் அவர்களைத் தேடி வந்தவர்.